இடது பக்க மட்கார்டு

பல்செட்காரர் வீட்டில் இருநூற்றுப் பதினான்கு கார்கள் இருந்தன. அவற்றில் ஓடுவது ஒன்றே ஒன்று. மற்றவை ஒரு சாண் நீளத்துக்கு மேல் போகாதவை. பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போன மறுவாரமே, அவர்களுடைய கட்டிலை மடக்கி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்த அறையில் சுவருக்குச் சுவர் பலகை அடித்து, கண்ணாடிக் கதவும் போட்டு அத்தனை கார்களையும் நிறுத்திவிட்டார். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். தூசி பட்டால் கார்களுக்கு ஆகாது, பிள்ளைகள் குளித்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி.

பந்தயக் கார், பணக்காரக் கார் எதுவும் அவருக்கு ஆகாது. ஒரு காலத்தில் தெருவில் அன்றாடம் ஓடி, மழையில் நனைந்து, வாடகைக்கு அலைந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போன கார்கள்தான் வேண்டும். கதவை இரண்டு தடவை அடித்தால்தான் மூடிக்கொள்கிற டாக்ஸி. முன்கண்ணாடியில் விரிசலோடு பத்து வருஷம் ஓடிய டாக்டர் வண்டி. கேன் ஏற்றி ஏற்றி வால் தாழ்ந்துபோன பால்காரர் வேன். இவற்றை அந்தந்தக் குறையோடு செய்வார். பள்ளம் இருந்தால் பள்ளம் வைப்பார். துரு இருந்தால் துரு வைப்பார். "முகத்துல மச்சம் இருந்தா போட்டோவுல விட்டுட முடியுமா?" என்று கேட்பார்.

அவருக்குத் தொழில் பல் செட் கட்டுவது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல் நட்டு, அக்ரிலிக் பொடியைக் குழைத்து அச்சில் அமுக்கி, வேகவைத்து எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவார். காரும் அதே மேசையில், அதே கருவியால் பிறப்பதுதான். மெழுகில் காரைச் செதுக்குவார். பல் கிளிப் கம்பியை வளைத்து பம்பர் செய்வார். ஈறுக்கு வாங்கிய பொடிதான் காருக்கும் என்பதால், வர்ணம் பூசும்வரை எல்லாக் கார்களும் ஈறு நிறத்தில்தான் இருக்கும். முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

ஒரு கார் செய்யத் தொடங்கும் முன் அதை வைத்திருந்தவரைத் தேடிப் போய் நூறு கேள்வி கேட்பது அவர் வழக்கம். கேள்வியும் பதிலும் நோட்டில் ஏறும். காருக்கு ஒரு பக்கம். எந்தக் கண்ணாடி பாதியில் நின்றுவிடும்? பின்சீட்டு எந்த இடத்தில் கிழிந்திருந்தது, யார் கிழித்தது? இடித்தபோது என்ன சத்தம் கேட்டது? பால்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். "வண்டிய வித்து இருபது வருஷமாச்சு சார். போலீஸ்கூட என்னை இவ்வளவு கேட்டதில்ல."

இப்படிப்பட்டவருடைய வீட்டுக்குத்தான் மாமனார் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் தங்க வந்தார்.

மாமனாருக்கு எண்பத்து நான்கு வயது. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, எடைக்கல்லைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். எந்தக் கடைக்காரரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை, அவரும் அதை எதிர்பார்த்ததில்லை. உத்தியோகம் போனாலும் கை போகவில்லை. பெட்டியில் நாலு சட்டையும் ஒரு கைத்தராசும், தோலுறையில் போட்ட, பொருளைப் பிடித்து அகலம் அளக்கும் அளவுகோல் இடுக்கியும் கொண்டுவந்திருந்தார். அவருடைய ஒரே மகன், அதாவது பல்செட்காரரின் மச்சான், பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருப்பவர். தினமும் சாயங்காலம் சைக்கிள் கேரியரில் தகரப்பெட்டி கட்டிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருவார். அவர் கொண்டுவரும் ரொட்டியை மாமனார் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார்.

"பத்து கிராம் கம்மி."

"வெந்தா தண்ணி வத்தும்ப்பா."

"அப்போ பத்து கிராம் கூட வச்சு வேகவை."

மச்சான் தலையாட்டுவார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதாகியும் அப்பா முன்னால் தலையாட்டுகிற வேலை மட்டும் குறையவில்லை.

நான்காம் நாள் மாமனாருக்குக் கண்கட்டு அவிழ்ந்தது. பல வருஷமாகப் பனிமூட்டமாகத் தெரிந்த உலகம் பளிச்சென்று தெரிந்ததும் அவருக்கு ஆய்வு செய்யும் வேகம் வந்துவிட்டது. முதலில் மகள் தேய்த்த பாத்திரங்களைப் பார்த்தார். பல்செட்காரரின் மனைவியான அந்த மகள் தபாலாபீஸ் கவுண்டரில் பார்சல் எடை போடுகிறவள், அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். "குறை இருந்தா நீங்களே தேய்ச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் அவர் கார் அறைக்குள் போனார். ஒரு மணி நேரம் பலகை பலகையாகப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, இந்த டாக்டர் வண்டி விரிசல் மேலேர்ந்து கீழ போகுது. சரிதானா?"

"சரிதான் மாமா. அவர் பையன் பந்து அடிச்சது. மூணு தடவ விசாரிச்சேன்."

"இந்த டாக்ஸிக்கு மீட்டர் கொடி வளைஞ்சிருக்கு."

"அது அப்படித்தான் இருந்துச்சு மாமா."

"நல்லது. வேல சுத்தம்." மாமனார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். பல்செட்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அது குளிர்ந்து முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "பால்காரன் வண்டி இருக்கு, தையக்காரன் வண்டி இருக்கு. என் கார் எங்க?"

பல்செட்காரர் துடைக்கத் தேவையில்லாத அலமாரிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"செய்யணும் மாமா. வரிசையில இருக்கு."

"நீங்க இந்த வேலைய ஆரம்பிச்சு எத்தன வருஷமாச்சு?"

"அது... முப்பத்தோரு வருஷம் இருக்கும்."

"அப்படி என்ன நீளமான வரிசை அது?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்லா கேளுங்கப்பா. நானும் கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டேன். ஊர்ல போற வர்ற வண்டியெல்லாம் செய்வாரு. எங்க அப்பா வண்டின்னா மட்டும் மெழுகு தீந்துபோகும்."

மெழுகு தீரவில்லை. காரணம் வேறு. அதை அவர் உயிரோடு இருக்கும் எவரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன், கல்யாணமாகி எட்டாம் நாள், புது மாப்பிள்ளையாக அவர் மாமனார் வீட்டில் இருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு வீடே தூங்கியது. கொட்டகையில் மாமனாரின் வெண்ணெய் நிறக் கார் நின்றது. வாரம் ஒரு தடவை சோப்புப் போட்டுக் குளிக்கிற கார். அதை வெயிலில் நிறுத்தி அளவெடுக்க வேண்டும் என்று அவருக்குக் கை அரித்தது. சத்தம் போடாமல் சாவியை எடுத்தார், வெளியே கொண்டுவந்தார், நூல் பிடித்து அளந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. திரும்பக் கொட்டகைக்குள் ரிவர்ஸில் விடும்போதுதான் இரும்புக் கதவின் கொண்டி இடது பக்கப் பின் மட்கார்டில் போய்ப் பதிந்தது; தூங்கியவர்கள் யாரும் விழிக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், நடுவில் விரல் நுழைகிற ஓட்டை. வண்டியின் இடது பக்கம் சுவரோரமாக நின்றதால் யார் கண்ணிலும் படவில்லை. சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சாயங்காலம் மாமனார், "மாப்பிள்ளை மாதிரி நிதானமான ஆள நான் பாத்ததில்ல" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். காலை ஐந்து மணி பஸ்ஸுக்கு மனைவியோடு கிளம்ப வேண்டியிருந்தது. பல்செட்காரர் மூச்சு விடாமல் பஸ் ஏறிவிட்டார்.

பத்து நாள் கழித்து மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. இவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மகன் அந்தக் காரில் சினிமாவுக்குப் போயிருக்கிறான். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளிப்பாட்டும்போது பள்ளம் தெரிந்தது. விசாரணை நடத்தியதில் மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், இனி அவன் ஆயுளுக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

ஒப்புக்கொண்டான் என்ற வார்த்தையைப் பல்செட்காரர் ஏழெட்டுத் தடவை படித்தார். செய்யாத குற்றத்தை மச்சான் ஏன் ஒப்புக்கொண்டார்? தங்கச்சி புருஷனைக் காப்பாற்றத்தான் என்று முடிவு செய்தார். ஒருவர் இவ்வளவு பெரிய மனசோடு தன் தலையில் போட்டுக்கொண்டதை, இடையில் புகுந்து கெடுப்பது நாகரிகமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். நாகரிகமில்லை என்று பதில் வந்தது. கோழைகளுக்கு இந்த மாதிரி பதில்கள் உடனுக்குடன் வரும். அன்றிலிருந்து மச்சானுக்குப் பல்வலி என்றால் இவர் ஓடினார், மழை பெய்தால் மச்சானைத் தன் காரில் கொண்டுபோய் விட்டார். மச்சான் எப்போதும் பின்சீட்டில்தான் ஏறுவார். முன்சீட்டில் உட்காரச் சொன்னால், "வேணாம் மாப்ள, அங்க உக்காந்தா கை நடுங்குது" என்பார். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் பல்செட்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

மாமனார் விடுவதாக இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை டீயும் பன்னும் முன்னால் வைத்துக்கொண்டு குடும்பமே கூடியது.

"நான் ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி என் கார் தயாராகணும்" என்றார் மாமனார்.

"ஆயிடும் மாமா."

"அந்தப் பள்ளத்தோட."

பல்செட்காரருக்கு டீ புரையேறியது. மச்சான் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தார்.

"அப்பா, அந்தப் பள்ளத்த விட்டுடுங்கப்பா. பட்டறையில குடுத்து அன்னைக்கே எடுத்தாச்சு."

"எடுத்தா இருந்தது இல்லேன்னு ஆயிடுமா?"

"அண்ணன் பாவம்ப்பா. அலமாரியில வச்சு வர்றவங்களுக்கெல்லாம் காட்டணுமா?" என்றாள் மகள். "என்னங்க, நீங்க சொல்லுங்க. பள்ளம் வேணாம்."

"ஆமா மாமா, வேணாம்னுதான் எனக்கும் தோணுது" என்றார் பல்செட்காரர், கொஞ்சம் அவசரமாக.

மாமனார் அவரை நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர் வண்டிக்கு விரிசல் வச்சீங்களே, அவர் மகன் பாவமில்லையா? ஊருக்கு ஒரு அளவு, வீட்டுக்கு ஒரு அளவா? இப்படி ரெண்டு தராசு வச்சிருந்த கடையையெல்லாம் நான் சீல் வச்சிருக்கேன்."

மச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "வச்சுடுங்க மாப்ள. செஞ்சது செஞ்சதுதானே" என்றார். அன்று அவர் கொண்டுவந்த பன் ஒன்றைக்கூடச் சாப்பிடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. பல்செட்காரர் இரண்டு டாக்டர்களுக்குக் கொடுக்க வேண்டிய கீழ்த்தாடை செட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு மெழுகை எடுத்தார். பழைய அளவுத் தாள் அவரிடம் பத்திரமாக இருந்தது. தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் காரின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். முகப்பு வளைவு, கதவுப் பிடி, பின்கண்ணாடி எல்லாம் கத்தி போகிற போக்கில் வந்து விழுந்தன. ஆறே நாளில் அச்செடுத்து வேகவைத்து ஈறு நிறத்தில் காரை வெளியே எடுத்தார்.

மாமனார் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, என் கார் என்ன வாய்க்குள்ளயா கிடந்துச்சு?"

"வர்ணம் பூசினா சரியாயிடும் மாமா."

அந்தக் காரில் பள்ளம் இல்லை. சும்மா பெயருக்கு ஒரு சின்னக் கீறல் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். சினிமாவுக்குப் போன இடத்தில் எதிலோ உரசியிருந்தால் கீறல்தானே வரும்? பிற்பகல் வீட்டில் பார்ப்பார் யாருமில்லை. மாமனார் தூங்கினார், மனைவி தபாலாபீஸில் இருந்தாள். மழை சன்னல் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. கீறலைப் போட்டார். பார்த்தார். மனசு ஒப்பவில்லை. முப்பத்தோரு வருஷமாக எந்தக் காருக்கும் செய்யாத பொய்யை இந்தக் கை இப்போது செய்ய மறுத்தது. சின்னக் கரண்டி முனையைச் சூடாக்கி லேசாக அழுத்தினார். இன்னும் கொஞ்சம் என்று மறுபடி அழுத்தினார். கீழ்ப்பக்கம் மடிப்பு இப்படி வரும், மேல்விளிம்பு இப்படித் தூக்கும் என்று திருத்தித் திருத்தி, கடைசியில் ஊசியால் நடுவில் ஓர் ஓட்டையும் குத்திவிட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அசல் பள்ளம் அப்படியே அங்கே இருந்தது. அவ்வளவு திருப்தியாக அவர் எந்தப் பள்ளத்தையும் செய்ததில்லை. சொக்கிப்போய், அது எதற்குச் சாட்சி என்பதையே மறந்து வெண்ணெய் நிறம் பூசக் கிளம்பிவிட்டார்.

ஈரக் காற்றில் வர்ணம் காய மூன்று நாள் ஆனது. பேக்கரியில் மாவும் எழும்பவில்லை என்று மச்சான் புலம்பினார். நாலாம் நாள் சாயங்காலம் பல்செட்காரர் காரைக் கூடத்து மேசையில் வைத்துத் துணியை விலக்கினார். மாமனார் கதவைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"அப்படியே இருக்கு" என்றார். "டேய், இங்க வா. பாரு. உங்கம்மா உக்கார்ற பக்கம் சீட்டு கொஞ்சம் அமுங்கியிருக்கு, அதக்கூட வச்சிருக்காரு."

மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் மட்டும் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் வர அவருக்குத் தைரியமில்லை.

மாமனார் பின்பக்கம் வந்தார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். தோலுறையிலிருந்து இடுக்கியை எடுத்துப் பள்ளத்தை அளந்தார். அகலம் அளந்தார், தரையிலிருந்து உயரம் அளந்தார். அளந்து முடித்து நிமிர்ந்தபோது முகம் பழைய ஆய்வாளர் முகமாகியிருந்தது.

"உங்க நோட்டக் கொண்டுவாங்க மாப்பிள்ளை."

"எதுக்கு மாமா?"

"கொண்டுவாங்க."

பல்செட்காரர் அசையவில்லை. மனைவி போய் எடுத்துவந்து கொடுத்தாள். மாமனார் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"டாக்டர் வண்டி, நூத்தி நாலு கேள்வி. பால்காரன் வண்டி, நூத்திப் பத்து. இது என் வண்டி." வெள்ளைப் பக்கத்தை எல்லாரும் பார்க்கும்படி திருப்பிக் காட்டினார். "ஒரு கேள்விகூட இல்ல. பள்ளம் எந்தப் பக்கம்னு என்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல மாமா."

"இவன்கிட்ட கேட்டீங்களா?"

மச்சான், "என்கிட்ட கேக்கலப்பா" என்றார்.

"நீ சொல்லுடி. உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நாங்கதான் விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறிட்டோமே" என்று சொன்ன மகள், சொன்ன வாயை மூடாமலே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அதேதான். ஆறு மணிக்கு நான் பாத்தேன், ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போயிடுச்சு. அந்தப் பள்ளத்தப் பாத்தவங்க நான், இவன், பட்டறைக்காரன். மூணே பேரு. நாலாவதா ஒருத்தர் அத ஓட்டை உள்பட வடிச்சு வச்சிருக்காரு. எப்படி மாப்பிள்ளை?"

பல்செட்காரர் திருட்டு முழி முழித்தார். பொய் சொல்ல நேரமிருந்தது, ஆனால் அந்தப் பள்ளம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

"நான்தான் மாமா" என்றார். "கொட்டகைக் கதவுக் கொண்டி. மத்தியானம் நீங்க தூங்கும்போது. அளவெடுக்கணும்னு..."

மாமனார் மெதுவாக வாயில் கைவிட்டார். மேல் செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். கீழ் செட்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் மாப்பிள்ளை கட்டிக் கொடுத்தவை.

"பொய் ஷொன்ன கை ஷெஞ்ச பல்லு எனக்கு வேணாம்" என்றார். பல் இல்லாமல் சொன்னதால் அது சீறலாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பல்செட்காரர் மச்சானைப் பார்த்தார். "மச்சான், நீங்க எனக்காக இத்தன வருஷம் பழிய சுமந்தீங்க. உங்க கால்ல விழுந்தாக்கூடத் தகும்."

மச்சான் ஒன்றும் புரியாதவராக நின்றார். "உங்களுக்காகவா? நான் எங்க மாப்ள உங்களுக்காகச் சுமந்தேன்? அப்போ... நான் இடிக்கலையா?"

"என்னது?"

"டாக்கீஸ் திருப்பத்துல சக்கரம் ஒரு குழியில இறங்கி ஏறுச்சு மாப்ள. லேசாத் தூக்கிப் போட்டுச்சு. காலைல அப்பா பள்ளத்தக் காட்டினதும், அப்போதான் இடிச்சிருப்போம்னு நெனச்சேன். இடிச்சதுகூடத் தெரியாம ஓட்டியிருக்கேனே, நம்ம கையில வண்டி இருந்தா யாரையாவது கொன்னுடுவோம்னு பயம். அதான் அப்பா சொல்லலேன்னாக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்." அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நான் இடிக்கலையா? அப்போ நான் நல்லாத்தான் ஓட்டியிருக்கேனா? முப்பத்தோரு வருஷம் சைக்கிள் மிதிச்சேனே மாப்ள! மழையில ரொட்டிய பிளாஸ்டிக்ல சுத்திக்கிட்டு மிதிச்சேனே!"

பல்செட்காரருக்கு அழுகை வந்துவிட்டது. இவர் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் வெறும் பயம். அந்தப் பயத்தை வைத்தவர் இவர்.

அடுத்து வந்த நாட்கள் நன்றாக இல்லை. மனைவி அவரோடு பேசவில்லை. பேச வேண்டியதைச் சமையலறைச் சுவரிடம் பேசினாள். "சிலர் வண்டிக்கு நூறு கேள்வி கேப்பாங்க. கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு உண்மை சொல்ல வாய் வராது" என்று சுவருக்குத் தெரிவித்தாள். மாமனார் பல் செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மகன் கொண்டுவரும் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து வெறும் ஈறால் மென்றார். எடை பார்க்கவில்லை. அதுதான் மச்சானுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பல்செட்காரர் புதிதாக எதையும் செதுக்கவில்லை. கீழ்த்தாடைகளை மட்டும் முடித்துக் கொடுத்தார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டு வெயில் அடித்தது. காலையில் மாமனார் கூடத்துக்கு வந்து கையை நீட்டினார்.

"ஷாவி."

பல்செட்காரரின் ஓடுகிற கார் வாசலில் நின்றது. இருபத்தேழு வயதுச் சாதாரணக் கார், மேலே ஒரு கீறல் கிடையாது. தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் அவர் டீ குடிப்பார். மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்லுவாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சாவியைக் கொடுத்தார். மாமனார் அதை மகன் கையில் வைத்தார். அந்தக் கை மாவு பிசைகிற கை, ஆனாலும் சாவியின் கனம் தாங்காமல் இறங்கியது.

"எனக்கு வேணாம்ப்பா. மறந்திருக்கும்."

"ஏறுடா."

தபாலாபீஸுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். நடுவில் ஒரே ஒரு கம்பம், ஒரு காலத்தில் கொடி ஏற்றியது. மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்தார். பல்செட்காரரும் மனைவியும் பின்சீட்டில். மனைவி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதலில் வண்டி மூன்று தடவை விக்கி நின்றது. நாலாம் தடவை நகர்ந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் மச்சான் விசிலடிக்கத் தொடங்கிவிட்டார். அவர் விசிலடிப்பார் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

"ரிவர்ஷ் எடு" என்றார் மாமனார்.

"கம்பம் இருக்கு மச்சான்" என்று மெல்லச் சொன்னார் பல்செட்காரர்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் மனைவி. பல நாளுக்குப் பிறகு அவள் நேராக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

அவ்வளவு பெரிய மைதானத்தில் அந்த ஒரே கம்பத்தைத் தேடிப் பிடித்து மச்சான் இடித்தார். டமாரென்று சத்தம் கேட்டது. பின்விளக்கு உடைந்து விழுந்தது, மட்கார்டு உள்ளே போனது. நாலு பேரும் இறங்கினார்கள். பல்செட்காரர் தன் காரைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். மச்சான் பள்ளத்தின் முன் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஏதோ மாறியது.

"அப்பா, சத்தம் கேட்டீங்களா?"

"கேட்டுச்சு."

"இடிச்சா இவ்வளவு சத்தம் வருமா? பக்கத்துத் தெருவுக்கே கேக்குமேப்பா! அன்னைக்கு எனக்கு இப்படி ஒண்ணுமே கேக்கலப்பா. சத்தியமா கேக்கல. நான் இடிக்கவே இல்ல!" அவர் பள்ளத்தைத் தட்டிக் காட்டினார். "இதத்தான் நான் இடிச்சேன்! இது நான்! மாப்ள, இது நான்தான்!" என்று கத்தி, பல்செட்காரரைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

மாமனார் வேறு பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து பல் செட்டை எடுத்தார், வேட்டி முனையில் துடைத்தார், மேலும் கீழும் மாட்டிக்கொண்டு வாயை இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார்.

"நோட்டு இருக்கா?" என்றார், ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக.

மனைவி கைப்பையிலிருந்து அதை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் கொண்டுவந்திருந்தாள்.

"எழுதுங்க மாப்பிள்ளை. புதுப் பக்கம். வண்டி உங்களுது. இடிச்சது என் மகன். நேர்ல பாத்தவங்க நாலு பேரு." பிறகு மகனைப் பார்த்தார். மகன் தோளில் ஒட்டியிருந்த பழைய மாவைத் தட்டிவிட்டார். "ஏறுடா. மறுபடியும் ரிவர்ஸ் எடு."

மச்சான் ஓடிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். பல்செட்காரர் பின்சீட்டில் ஏறி, கம்பம் இருந்த பக்கம் பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.